டைல்ஸுக்கு அடியில்

மலை மந்திரின் மணியோசை பனிமூட்டத்தினூடே மெல்லக் கேட்கும் தில்லி ஆர்.கே.புரத்து ஜனவரி வைகறையில், முழங்கால் வாதத்தால் அவதியுறும் என் தாயார் வெறுங்காலோடு நின்று ஸ்நானம் செய்ய அனுகூலமாகுமே என்ற ஆசையினால், குளியலறைத் தரையில் மின்சார வெப்பக் கம்பியைப் பதித்து, அதன்மீது புதிய டைல்ஸும் ஒட்டுவித்தேன். காஷ்மீரத்து ஹமாம்களில் கற்றளத்துக்கு அடியில் விறகெரித்துச் சூடேற்றும் புராதன உபாயத்தின் நவீன ரூபமே இது. அங்கே கம்பி அறுந்துபோகும் அபாயம் மட்டும் இல்லை.

விசையைப் போட்டும் தரை சில்லென்றே கிடந்தது. சதுர மீட்டருக்கு 150 வாட் வீதம் 3 சதுர மீட்டருக்கு 450 வாட் என்ற கணக்கில், 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 118 ஓம் மின்தடை காட்டியிருக்க வேண்டிய மல்டிமீட்டர், வேதாந்திகளுக்கே உகந்த அனந்தத்தைக் காட்டிற்று; கம்பி எங்கோ அறுந்திருந்தது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் மின்தடையை அளந்து குறித்து வைக்காதது என் அலட்சியமே.

நீர் வடியும் ஜாலியின் ஓரத்தில் கொத்தனார் கட்டர் ஓட்டியது பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒற்றை டைலைப் பெயர்த்தபோது, அறுந்த முனைகள் இரண்டும் அங்கேயே இருந்தன. அவற்றை இணைத்து, நீர் புகாத உறையிட்டு, 500 வோல்ட் மெகரால் இன்சுலேஷனையும் சோதித்த பின்னரே மூடினோம்.

மாற்று டைல் சற்றே வெளிறிய நிறம். அம்மா அதை மிதிக்காமல் தாண்டியே நடக்கிறார்.