கடலைப் பார்த்துச் சாயும் வண்டிகள்

மெல்போர்னிலிருந்து தென்கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். சான் ரெமோ என்ற மீன்பிடி ஊரில் பாலம் ஏறி இறங்கினால் பிலிப் தீவு. அந்தி சாய்ந்ததும் கடலிலிருந்து கரையேறி வரும் குட்டிப் பெங்குவின்களைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் இங்கே வருகிறார்கள். நாங்கள் போனதோ காலையில், டிரெய்லரில் ஒரு நீல நிற யமஹா ஆர்6 வண்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு.

வண்டி நண்பனுடையது. கோவைக்காரன்; செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பழகிய கை. இப்போது மெல்போர்னில் வேலை. சம்பளத்தில் பாதி டயருக்குப் போகிறது என்பது அவன் மனைவியின் கணக்கு.

தீவிலுள்ள பந்தய டிராக்கில் அன்று டிராக் டே. அது பந்தயம் அல்ல. பணம் கட்டினால் யாரும் ஓட்டலாம். வண்டியைப் பரிசோதித்து, ஆட்களை வேகத்துக்கு ஏற்பக் குழுவாகப் பிரித்து, முறை வைத்து உள்ளே அனுப்புவார்கள். கோப்பையும் கிடையாது, மாலையும் கிடையாது. ஆனால் ஓடுவது உலகச் சாம்பியன்கள் ஓடிய அதே தார். உள்ளூர் கிரிக்கெட் குழு எதுவும் அவ்வளவு எளிதில் காசு கொடுத்து லார்ட்ஸில் ஆடிவிட முடியாது, இங்கே முடிகிறது.

4.445 கிலோமீட்டர், 12 வளைவுகள். 1956இல் திறந்த டிராக். அதற்கும் முன்பே, 1928இல், இத்தீவின் மண் சாலைகளில் கார்ப் பந்தயம் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முதல் கிராண்ட் பிரி என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான். மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி வந்தது 1989இல். ஜெயித்தவர் உள்நாட்டுக்காரரான வெய்ன் கார்ட்னர். நீண்ட நேர்பாதைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த நேர்பாதை சரிவில் இறங்கி நேரே கடலை நோக்கிப் போகிறது. பாஸ் நீரிணை, அதற்கப்பால் டாஸ்மேனியா. வண்டிகள் அலைக்குள் பாய்ந்துவிடும் போலப் போய், கடைசி நொடியில் டூஹன் வளைவில் வலப்புறம் சாய்கின்றன. முதல் தடவை பார்த்தபோது என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. நானோ வேலிக்கு இந்தப் பக்கம் புல்லில் நின்றுகொண்டிருந்தேன்.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறாவது வளைவுக்குச் சைபீரியா என்று பெயர். அங்கே அரை மணி நேரம் நின்றவர் யாரும் பெயர்க்காரணம் கேட்க மாட்டார்கள். லென்ஸைக் காற்று பிடித்துத் தள்ளுகிறது. முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்றால்தான் கை அடங்குகிறது.

நான் நிலைகொண்ட இடம் லூக்கி ஹைட்ஸ். ஒன்பதாவது வளைவு, ஒரு மேடு. ஏறி வரும் வண்டி உச்சியில் இடப்புறம் சாயும்போது பின்னணியில் கடல் விழும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடியில் வைத்தால் எல்லாம் துல்லியமாக வரும், உயிர் மட்டும் போய்விடும். சக்கரம் உறைந்து, யாரோ வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் போனது போலிருக்கும். 125இல் ஒரு நொடிக்கு இறக்கி, இடுப்பைத் திருப்பி வண்டியோடு கூடவே போய், அமுக்கிய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சுழலும், புல் பச்சைக் கோடாக ஓடும். பத்துப் படத்தில் ஒன்று தேறினால் நல்ல வரவு.

இருண்ட கண்ணாடி போட்ட ஹெல்மெட், தோல் உடை. நீல வண்டிகளே நாலைந்து. இதில் என் ஆள் யார்? முகம் உதவவில்லை, தோள்தான் காட்டிக்கொடுத்தது. கல்லூரிக் காலத்தில் ஹீரோ ஹோண்டாவில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன அதே கோணல் இடது தோள். உடம்பு ஒன்பதாவது வளைவில் இருக்கிறது, தலையோ அதற்குள் கீழே பத்தாவதைப் பார்த்துத் திரும்பிவிட்டது. மேட்டின் உச்சி தாண்டியதும் சாய்ந்தபடியே பிரேக் பிடித்து, இறக்கத்தில் வலப்புறம் மடிய வேண்டும். பயமுறுத்தும் இடம்.

வேலிக்குப் பக்கத்தில் கேப் பாரன் வாத்துகள் சில மேய்ந்தன. சாம்பல் உடம்பு, இளம்பச்சை மூக்கு. இருபது வண்டிகள் அலறிக்கொண்டு போனாலும் தலையைத் தூக்கவில்லை. பறவைகள் இங்கே விளையாட்டல்ல: 2015 மோட்டோஜிபி பந்தயத்தில் ஆண்ட்ரியா இயன்னோனே ஒரு கடற்பறவை மீது மோதியும் மூன்றாவதாக வந்தார்.

செஷன் முடிந்து பிட்டுக்குப் போனேன். பின் டயரின் இடப்பக்க விளிம்பில் ரப்பர் துகள்கள் சுருண்டு ஒட்டியிருந்தன. வலப்பக்க விளிம்பு அவ்வளவு தேயவில்லை. 12 வளைவுகளில் ஏழு இடப்பக்கம், அதிலும் வேகமானவை. புதுத் தார் போட்ட பின், 2013இல் இந்த டிராக் டயர்களைத் தின்ற வேகத்தில், மோட்டோஜிபி பந்தயத்தையே 19 சுற்றாகக் குறைத்து, நடுவில் கட்டாயம் வண்டி மாற்ற வைத்தார்கள். ஒரு சுற்றுத் தாமதமாக உள்ளே வந்த மார்க் மார்க்கேஸைக் கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றினார்கள். லோரென்ஸோ ஜெயித்தார்.

நண்பன் கேமராவை வாங்கிப் பார்த்தான். கடல், மேகம், ஓடும் புல் எதையும் அவன் கண் தொடவில்லை. படத்தைப் பெரிதாக்கி முழங்காலுக்குப் போனான்.

"டேய், தரையில படலையே!"

"ரெண்டு விரக்கடை இருக்கு."

"அடுத்த செஷன்ல படும் பாரு. நீ அதே எடத்துல நில்லு."

தலையாட்டினேன். ஆனால் போனது பத்தாவது வளைவுக்கு. அவன் வேகம் குறைத்து மடியும் இடம் அதுதான். முழங்கால் தொடுவதானால் அங்கேதான் முதலில் தொடும்.