உச்சிக்குழியும் உள்ளங்கையும்

இவ்வுலகிற்கு வருவோர் யாவரும் முதற்கண் பெறுவது பிறிதொருவர் கையின் பற்றுதலேயாம். பேசவும் பிறர் பேச்சின் பொருளை உணரவும் இயலாத பச்சிளங் குழவிக்குத் தொடுதலே மொழி; தொடுதலே ஆறுதல். ஆதலின், குழந்தையின் மெய்யைத் தொட்டே அதன் நோயைத் தீர்க்கலாம் என ஒருவர் கூறுமிடத்து நம் உள்ளம் உடனே இசைகின்றது. இசையும் உள்ளம் ஆராயவும் வேண்டுமன்றோ? 'கபால ஆஸ்டியோபதி' என்னும் மருத்துவ முறையை அவ்வாறு ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

ஆஸ்டியோபதி என்பது எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைக் கையாற் பிடித்தும் நீவியும் உடலை நன்னிலைக்குக் கொணர முயலும் முறையாகும். இதனைத் தோற்றுவித்தவர் அமெரிக்க மருத்துவராகிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அவர் 1892-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் இதற்கெனக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அங்குப் பயின்ற வில்லியம் கார்னர் சதர்லாண்டு என்பார், 1899-ஆம் ஆண்டளவில், எலும்பு எலும்பாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த ஒரு மண்டையோட்டைக் கண்டார். பொட்டெலும்பின் விளிம்பு மீனின் செவுள்போற் சரிந்திருந்தமை அவர் கருத்தைக் கவர்ந்தது. செவுள் அசைவது, ஆயின் இவ்வெலும்பும் அசைதற்கென்றே அமைந்ததாதல் வேண்டும் என எண்ணினார். அவ்வெண்ணம் அவரை விட்டகலவில்லை. தம் தலையையே இறுக்கிக் கட்டிப் பலகாலும் சோதித்து, 1939-ஆம் ஆண்டில் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார்.

கபாலத்தின் எலும்புகள் ஓர் ஒழுங்குடன் மெல்ல அசைகின்றன. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரும் அதற்கியைய ஏறியிறங்குகின்றது. அவ்வியக்கம் தடைப்படின் நோய் விளையும். தேர்ந்த விரல் அத்தடையை உணர்ந்து நீக்கும் என்பனவே அக்கொள்கையின் சுருக்கம். பிறக்குங்கால் தலை நெருக்குண்டமையே குழந்தையின் ஓயாத அழுகைக்கும் உறக்கமின்மைக்கும் காரணமென அவர் வழிவந்தோர் பலர் கூறுவர். கருவுற்ற மகளிரின் முதுகு நோவையும் இம்முறையால் தணிக்க முயல்வர்.

இக்கொள்கை முழுதும் வெறுங்கற்பனையெனத் தள்ளற்பாலதன்று. குழந்தையின் கபால எலும்புகள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியவையல்ல. இடையிடையே சவ்வு நிற்கின்றது. பிறக்கும் வழி குறுகலாதலின், அவ்வெலும்புகள் ஒன்றன்மேலொன்று சிறிதே ஏறி வழிவிடுகின்றன. நீண்டு கோணிய தலையுடன் மகவு பிறப்பதும், அக்கோணல் பெரும்பாலும் சில நாட்களில் தானே சீர்ப்படுவதும் இதனாலேயாம். பின்புறத்துக் குழி ஏறத்தாழ இரண்டு திங்களிலும், முன்புறத்து உச்சிக்குழி பெரும்பாலும் இரண்டு ஆண்டு நிறைவதற்குள்ளும் மூடிக்கொள்ளும். உச்சிக்குழியில் நாம் காணும் துடிப்போ நெஞ்சின் நாடித் துடிப்பேயாகும். வளர்ந்தோரிடத்துக் கபாலத்தின் எட்டு எலும்புகளும் வாட்பற்கள் போன்ற விளிம்புகளாற் கோத்துக் கிடக்கின்றன. சதர்லாண்டு கூறிய தனி ஒழுங்கை, ஒருவர் தலையையே இரு வல்லுநர் தொட்டு எண்ணிய ஆய்வுகளில், அவ்விருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. விரல் உணர்ந்தது தலையின் அசைவையோ, தன் எதிர்பார்ப்பையோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்ததற்குக் காரணம் வெறும் நூலார்வமன்று. இலண்டன் மாநகரில் வாழும் எம் தமக்கையார்க்குச் சென்ற ஆண்டு தலைமகன் பிறந்தான். ஐந்தாம் வாரத்தில், மாலை தொடங்கினால் நள்ளிரவு மட்டும் அழலானான். மருத்துவர் நோக்கி, எடை நன்கு ஏறுகின்றது, நோயொன்றுமில்லை என்றார். அண்டை வீட்டு மாது ஒருத்தி கபால ஆஸ்டியோபதியைப் பரிந்துரைத்தார். ஊரிலிருந்த எம் பாட்டியாரோ, "எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிப் பிடித்தால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்றார். "தம்பி, நீதான் நாலும் படிக்கிறவன், இது மெய்தானா என்று பார்த்துச் சொல்" எனத் தமக்கையார் எமக்கு எழுதினார். யாம் தமிழ் பயிலும் மாணவரேம், மருத்துவம் அறியேம். எனினும், அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு அறியேமென்று மட்டும் விடையிறுக்க மனம் வரவில்லை. கிடைத்தவற்றையெல்லாம் மூன்றிரவு படித்தோம்.

படித்தவற்றுள் இரண்டு செய்திகள் எம் நெஞ்சிற் பதிந்தன. பெருமூளை வாதமுற்ற 142 சிறாரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்திய ஆய்வொன்று 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கபால ஆஸ்டியோபதி பெற்றவர், பெறாதவர் என்னும் இரு திறத்தாரின் உடலியக்கத்தையும் அளந்து பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், மருத்துவம் பெற்ற சிறாரின் பெற்றோரே தம் மக்கள் நலமுற்றனர் என மிகுதியாகக் கூறினர். பெற்றோர் பொய் கூறினாரல்லர். அன்பு காணும் கண் அளவுகோலன்று, அவ்வளவே. மற்றொன்று, காரணம் புலப்படாத குழந்தை அழுகை ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் உச்சமுற்று, மூன்று நான்கு திங்களில் பெரும்பாலும் தானே தணிகின்றது என்பது. அழுகை மிக்க வேளையிலேயே எவரும் மருத்துவம் தேடுவர். அதன்பின் இறங்குவது இயற்கை. புகழோ இடையில் வந்த கைக்குரியதாகின்றது. பிரித்தானியாவில் 2016-ஆம் ஆண்டில், குழந்தைகட்கும் கருவுற்ற மகளிர்க்கும் உரிய தனி நோய்களைத் தீர்ப்போமென ஆஸ்டியோபதியர் விளம்பரம் செய்தலை, தக்க சான்றின்மையால், விளம்பர நெறிமுறையாளர் வரையறுத்தனர்.

இவற்றையெல்லாம் எழுதினோம். காய்ச்சல், பாலுண்ண மறுத்தல், பச்சை நிற வாந்தி, உச்சிக்குழி புடைத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் எக்கையையும் நாடாது மருத்துவமனைக்கே விரைதல் வேண்டும் என்றும், பாட்டியார் கூறியவாறு தலையை அழுத்தலாகாது என்றும் சேர்த்தெழுதினோம். எம் மடல் சேருமுன்னரே தமக்கையார் ஒருமுறை அங்குச் சென்று வந்திருந்தார். அவர் விடை எம்மைச் சிந்திக்கச் செய்தது. "குழந்தை அன்றிரவும் அழுதான். ஆனால் அந்த அம்மையார் அரைமணி நேரம் அவனை ஏந்திக்கொண்டு, நான் உறங்கினேனா, உண்டேனா என்று கேட்டார். இந்த ஊருக்கு வந்தபின் அப்படிக் கேட்டவர் வேறு யாரும் இல்லை."

அம்மடலைப் படித்த எம் அன்னையார் ஒன்றும் கூறிலர். அடுத்த திங்களே விமானமேறினார். மூன்றாம் திங்கள் நிறையுமுன் அழுகை அடங்கிற்று. எண்ணெயின் பயனென்றார் பாட்டியார். கபால மருத்துவத்தின் பயனென்றார் அண்டை வீட்டு மாது. காலத்தின் பயனென்றார் மருத்துவர். மருத்துவர் கூற்றே மெய்யென யாம் கொள்கின்றோம். ஆயினும், அக்காலத்தைத் தமக்கையார் தனித்துக் கடவாமற் காத்தது அன்னையார் கையேயாம்.

மக்கட்பேற்றைப் பாட வந்த திருவள்ளுவர், மக்கள் மெய்யைத் தீண்டுதல் பெற்றோர்க்கு இன்பமெனக் கூறினார், மருந்தெனக் கூறினாரல்லர். மருந்தைப் பற்றி வேறோர் அதிகாரம் வகுத்து, நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என ஆராய்ந்த பின்னரே செயலிற் புகுமாறு பணித்தார். இரண்டையும் வேறுவேறாக வைத்த அவர் நுண்ணறிவு வியக்கற்பாலது. அன்புக்கு ஆய்வுச் சான்று வேண்டா. மருந்துக்கு அது வேண்டும். அன்பை மருந்தென்று விலை கூறுமிடத்து மருந்தும் பொய்க்கும், அன்பும் சிறுமையுறும். அழும் குழந்தையையும் அயர்ந்த தாயையும் தாங்குதற்கு உறவினர் கையும் அயலார் கையும் கட்டணமின்றி நீளுமாயின், கபால எலும்பு அசைகின்றதோ இல்லையோ என்னும் வினாவை அறிஞர் அமைதியாக ஆராயட்டும். தாய்மார் சற்றே உறங்குவர்.