தூரினி கணவாயில் ஒரு டர்போ

நீஸ் நகருக்கு வடக்கே, ஆல்ப்ஸ் மலையில் 1,607 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தூரினி கணவாய். மான்டி கார்லோ ராலியின் பேர்போன பாதை இது. கம்பைநல்லூர்க்காரனான நான் அங்கே போய் நிற்பேன் என்று நினைத்தே பார்த்ததில்லை. சோஸ்பெல் ஊரிலிருந்து ஏறும்போது ஓரிடத்தில் சாலைக்கு மேலே பாலம் கட்டி, அதன்வழியே மாதா கோயிலுக்குப் படியேற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள்தான்.

உச்சியில், ஓட்டல் வாசலில் ஒரு ரெனோ 5 டர்போ நின்றிருந்தது. சின்னக் கார்தான், பின்சக்கரங்களுக்கு மேலே மட்டும் இருபுறமும் புடைத்திருந்தது. நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த உரிமையாளர், ஒரு பெரியவர், பின்கதவைத் திறந்து கம்பளம் போர்த்திய மூடியைத் தூக்கிக் காட்டினார். பின்சீட் இருக்கவேண்டிய இடத்தில் என்ஜின்! சாதாரண ரெனோ 5-இல் என்ஜின் முன்னால் இருக்கும், இழுப்பதும் முன்சக்கரங்கள்தான். ராலிக்காக அதைத் தலைகீழாக்கி, 1980-இல் தியெப் நகரின் அல்பீன் தொழிற்சாலையில் கட்டத் தொடங்கினார்கள். 1,397 சிசி, 160 குதிரைசக்தி. மறு ஆண்டே ஜான் ரான்யோத்தி இந்த வண்டியில் மான்டி கார்லோவை வென்றார்.

பெரியவர் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். ஆக்சிலரேட்டரை மிதித்தார், முதலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டர்போவில், வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றி, அது சுழற்றும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்க நேரம் வேண்டும். சீழ்க்கைச் சத்தம் எழுந்தது. அடுத்த நொடி முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்து, வளைவு முடியுமுன்பே மிதிக்கிறார் மனிதர். அந்தக் காலின் பழக்கம் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஊரில் என்னிடம் இருப்பது டியாகோ ஜேடிபி. டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாக 2018-இல் கொண்டுவந்த வண்டி. 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின், 114 குதிரைசக்தி. 150 நியூட்டன் மீட்டர் முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே வந்துவிடும். வத்தல்மலை வளைவுகளில் இரண்டாம் கியரில் மிதித்தால் காத்திருக்க வைக்காது. குடும்பத்தோடு அரூர் போய்வரவும் அதே வண்டிதான். அறிமுக விலை 6.39 லட்சம்.

வேகத்தில் ரெனோவை அது நெருங்க முடியாது. ஆனால் பந்தயக்காரருக்கென்று பிறந்த அந்தச் சுகத்தை, பின்சீட்டையும் விட்டுக்கொடுக்காமல், என்னைப் போன்றவர்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது கோவைப் பட்டறை. அந்த இரண்டும் ஒரே பரம்பரை என்பது தூரினியில்தான் எனக்கு உறைத்தது.

ஜேடிபியின் தயாரிப்பு 2020-இல் நின்றுபோனது. நாற்பது ஆண்டு தாண்டிய ரெனோவைப் பெரியவர் இன்னும் மலையேற்றுகிறார். ஜேடிபி வைத்திருப்பவர்களே, பழைய வண்டி என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஊர்க் கை பட்ட டர்போ அது, ஓட்டிக்கொண்டே இருங்கள்.