சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பு

தலைநகர் தில்லிக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குவோர் ஒரு வகை. வேலை முடிந்தால் பணம் வாங்குவோர் மற்றொரு வகை. சங்கத்தின் பொங்கல் விழாவில் இரு வகையினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். ஆனால் வங்கியின் படியேறியதும் நம்மிடையே ஒரு கோடு விழுந்துவிடுகிறது. அக்கோட்டை நாங்கள் கண்கூடாகக் கண்டது 2021ஆம் ஆண்டில்.

எங்கள் சிற்றப்பாவின் மகன், எங்களுக்குத் தம்பி முறை. இங்கே வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வண்ணம் பூசும் வேலையை ஒப்பந்தத்திற்கு எடுத்துச் செய்து வருபவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து, பிறரிடம் சுவர் தேய்த்து, பட்டி பார்த்து, பின்னர் தாமே காண்டிராக்டர் ஆனவர். எட்டுப் பேருக்கு வாரந்தோறும் கூலி தருகிறார். தமக்கு வர வேண்டிய பணம் வராத வாரத்திலும் அவர்கள் கூலி நின்றதில்லை. கடன் என்று எவர் வாசலிலும் நின்றறியாதவர்.

அவ்வாண்டு செப்டம்பரில் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைக்கு இரண்டரை லட்சம் ரூபாய் ஆகும் என்றனர் மருத்துவர்கள். தொழிலுக்குக் கடன் வேண்டுமெனில் 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் உண்டு. தாயின் அறுவைக்கு அது வழியன்று. எனவே தனிநபர் கடன் கேட்கத் தம்பி ஒரு வங்கிக்குப் புறப்பட்டார். துணைக்கு நாங்களும் சென்றோம்.

வங்கி அதிகாரி பண்பானவர்தாம். தம்பியின் வருமான வரிக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓராண்டுக் கணக்கே இருந்தது. இரண்டாண்டுக் கணக்கு வேண்டும் என்றார். அதிலும் மொத்த வரவு 18 லட்சம், வருமானம் 1,44,000 என்றிருந்தது. "மாதம் 12,000 ரூபாய் ஈட்டுபவர் இத்தவணையை எப்படிக் கட்டுவார்?" என்று இந்தியில் கேட்டார். பின்னர்க் கணினியைத் தட்டிவிட்டு, தம்பிக்குக் கடன் மதிப்பெண்ணே இல்லை என்றார். 300 முதல் 900 வரை செல்லும் அந்த மதிப்பெண், முன்பு கடன் வாங்கித் திருப்பியவருக்கே உண்டாம். கடனில்லாத கஞ்சி கால் வயிறு என்று வாழ்ந்த மனிதர், வங்கியின் கண்ணில் முகமே இல்லாதவர் ஆனார்.

அடுத்து அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். மத்திய அரசு ஊழியர் என்று அறிந்ததும் குரலில் ஒரு கனிவு வந்தது. "உங்களுக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும்" என்றார். நாங்கள் யாருக்கும் கூலி கொடுத்ததில்லை. எட்டுக் குடும்பங்களுக்குச் சோறு போடுபவர் அருகில் தலை குனிந்து அமர்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, உங்க பேர்ல வாங்கித் தாங்க. தவணையை நான் கட்டிடுறேன். மதினிகிட்டயும் கேட்டுச் சொல்லுங்க."

அன்றிரவு எங்கள் வீட்டில் உறக்கமில்லை. எங்கள் பெயரில் வாங்கினால் கடன் முழுவதும் எங்களுடையது. ஜாமீன் கையெழுத்து மட்டும் என்றாலும், கடன்பட்டவருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அரசு ஊழியர் ஓயாத கடனுக்கு ஆளாகாதவாறு தம் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டின் நடத்தை விதி. இவற்றையெல்லாம் சொல்லி மறுத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், எங்களைத் தடுத்தது சட்டம் அன்று, அச்சம். பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் சம்பளத்தை எண்ணிப் பார்த்தோம். எங்கள் அச்சத்திற்குச் சட்டத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம்.

சேமிப்பிலிருந்து 50,000 ரூபாயை வட்டியின்றிக் கொடுத்தோம். மிச்சத்திற்குத் தம்பியின் மனைவி தம் எட்டுச் சவரன் நகையைக் கழற்றிக் கொடுத்தார். நகையின் மதிப்பில் 100க்கு 75 வரை அப்போது கடன் தந்தார்கள். சம்பளச் சீட்டு எவரும் கேட்கவில்லை. அறுவை நன்கு முடிந்தது. சித்தி கோலூன்றி நடக்கலானார். அடுத்த பொங்கல் விழாவிற்கு அந்தப் பெண் மஞ்சள் கயிற்றோடும் கவரிங் சங்கிலியோடும் வந்திருந்தார். "வாங்க மதினி" என்று எப்போதும் போலச் சிரித்தார். எங்களால் அம்முகத்தை நேரே பார்க்க இயலவில்லை.

கையெழுத்திட மறுத்த கை வேறு ஏதேனும் செய்ய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டிற்குச் சென்று அவருடைய தாள்களைப் பிரித்து அமர்ந்தோம். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. சிறு தொழில் செய்பவர் வரவில் 100க்கு 8, வங்கி வழி வந்த தொகையாயின் 6, என்ற அளவுக்குக் குறையாமல் வருமானம் காட்டினால் விரிவான கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை என்பது வரிச் சட்டம் தரும் சலுகை. அந்த 8 கீழ்வரம்பு. மெய்யான இலாபம் கூடுதலாயின் கூடுதலாகவே காட்ட வேண்டும். தம்பிக்கு மாதம் 35,000 வரை நின்றது. ஆனால் கணக்கு எழுதித் தந்தவர், வரி மிச்சம் என்று கூறி 8 என்றே எழுதிவிட்டார். ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரி கட்ட வேண்டாத காலம் அது. இல்லாத வரிக்கு அஞ்சி, இருந்த வருமானத்தை மறைத்திருக்கிறார்! நிறுவனங்கள் அவருடைய பணத்தில் 100க்கு 1 ரூபாய் பிடித்து வரியாகக் கட்டியிருந்தன. அதைத் திரும்பப் பெறத்தான் அந்த ஓராண்டுக் கணக்கையும் கொடுத்திருந்தார்.

அன்றிலிருந்து வரவெல்லாம் வங்கிக் கணக்கில் விழுமாறு செய்தோம். கூலி, வண்ணம், சாரம், வண்டிச் சத்தம் அனைத்திற்கும் ஒரு நோட்டு. இரண்டாண்டுகள் கெடு தவறாமல் மெய்யான வருமானத்தைக் காட்டிக் கணக்குக் கொடுத்தார். நகைக் கடனை ஒழுங்காக அடைத்ததில் மதிப்பெண்ணும் பிறந்தது. நகையும் கழுத்திற்குத் திரும்பியது.

2023இன் இறுதியில் மகளின் கல்லூரிச் செலவுக்காகத் தம்பி மீண்டும் அதே வங்கிக்குச் சென்றார். "அண்ணே, கையெழுத்துக்கு இல்ல, சும்மா கூட வாங்க" என்றார். சென்றோம். அதிகாரி தாள்களைப் புரட்டினார். தம்பியிடமே கேள்வி கேட்டார், தம்பியிடமே விடை பெற்றார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அது எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல இயலாது.

அன்று மறுத்தது சரிதானா என்ற கேள்வி எங்களை இன்னும் விட்டபாடில்லை. ஒன்று மட்டும் தெளிவு. நம் சங்கத்தில் தச்சரும் சமையற்காரரும் வண்டி ஓட்டுபவரும் இருக்கின்றனர். அலுவலகத்தில் நாள் முழுதும் பிறர் கோப்புகளைச் சரிபார்க்கும் நாம், ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் அவர்களுடைய நோட்டையும் பார்த்துக் கொடுக்கலாம். அவர்கள் உழைப்பில் குறைவில்லை, குறைவு தாளில்தான். தாள் நமக்குக் கைவந்த கலை அன்றோ?