ஒரே போர், இரண்டு நாவல்கள்

அண்மையில் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மற்றொன்று நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. இரண்டுமே ஜப்பான்காரன் காலத்துக் கதைகள். ஆனால், இரண்டிலும் வரும் தமிழர்கள் வேறு வேறு உலகத்து மனிதர்கள்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல், 18 வயதில், வட்டிக்கடை வேலைக்காகச் சுமத்ராவின் மேடான் நகருக்கு வந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். நாவல் 1972இல்தான் புத்தகமானது. அதன் நாயகன் பாண்டியன் மேடானிலிருந்து தோணியில் பினாங்குக்கு வருகிறான். இந்திய தேசிய இராணுவத்தில் சேருகிறான். அவனும் நண்பர்களும் போர்க்காலத்திலும் பழந்தமிழ் இலக்கியத்தை வம்புக்கு இழுத்துச் சிரிக்கிறார்கள். படிக்கும்போது பல இடங்களில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த நாவலில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதையை ஜப்பானியர்கள் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். காடு, அடைமழை, காலரா, அடி, அரைவயிற்றுச் சோறு. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடுதான், யாரும் கணக்கு வைக்கவில்லை.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. நம் தோட்டத்து மக்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் இல்லை.

பாண்டியன் போன்றவர்கள் பேரேடு எழுதத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஊர் திரும்பி நாவலும் எழுதினார். பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் ஒரு துண்டுக் காகிதம்கூட விட்டுப்போகவில்லை. அவர்களுக்காகப் பிறகு யாராவது எழுதவேண்டியிருந்தது. சண்முகம் அதைச் செய்தார். அ. ரெங்கசாமியும் 'நினைவுச்சின்னம்' நாவலில் அதைச் செய்தார். அந்தத் தலைப்பின் பொருள் இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

என் பாட்டியின் அண்ணனும் சயாமுக்குப் போனவர்தான். திரும்பவில்லை. பாட்டி அவரைப் 'பெரியண்ணன்' என்று மட்டுமே சொல்வார். அம்மாவுக்கும் அவருடைய பெயர் தெரியாது. பாட்டியும் இப்போது இல்லை.

வானொலியில் என் வேலையில் பாதி பெயர் வாசிப்பதுதான். பிறந்தநாள் வாழ்த்து, திருமண நாள் வாழ்த்து, பாடல் விருப்பம். தம் பெயரை வானொலியில் கேட்டால் மக்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பது எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, இந்தப் பெயர் இல்லாத ஒருவர் என்னை விடமாட்டேன் என்கிறார்.

உங்கள் வீட்டில் எண்பதைக் கடந்தவர் யாராவது இருந்தால், சயாமுக்குப் போனவர்கள் யார் யார், எந்தத் தோட்டம் என்று இந்த வாரமே கேளுங்கள். இந்த நாவல்களில் ஒன்றை வாங்கி, கடைசி வெள்ளைப் பக்கத்தில் அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள்.