பத்தே நிமிஷத்தில் சரியானால் விட்டுவிடலாமா?

மதுரை கீழமாசி வீதியில் என் அண்ணனுக்கு மளிகைக் கடை. போன வருஷம் ஒரு நாள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு வலது கையிலிருந்து பேனா நழுவி, வாய் குழறியதாம். பத்தே நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "பித்தம்தான்" என்று மதினி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். மறுநாள் விஷயம் என் காதில் விழுந்ததும் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பக்கக் குழாயில் 80 சதவிகிதம் அடைப்பு! வலது கைக்கு ஏன் இடது கழுத்து என்று கேட்டேன். உடம்பின் வலப்பக்கத்தை ஆள்வது மூளையின் இடப்பக்கம் என்றார் டாக்டர். அடைப்பிலிருந்து பெயர்ந்த துணுக்கு ஒன்று மூளைக்குப் போய், நல்ல காலமாகக் கரைந்திருக்கும். அடுத்தது கரையாவிட்டால் பக்கவாதம்தான். அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகமாம். அதனால் இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார்.

வீட்டில் ஒரே ரகளை. "பேரனுக்குக் காதுகுத்து வருதே, முடிச்சிட்டுப் பார்ப்போம்" என்றார் மதினி. "கழுத்துல கத்தி வைக்கிறதா?" என்று சித்தப்பா. ஏதோ புதுச் சமாசாரம் என்றுதான் எல்லோருக்கும் பயம். ஆனால் அமெரிக்காவில் டாக்டர் டிபேக்கி 1953-லேயே செய்த ஆபரேஷனாம் இது. 70 சதவிகிதத்துக்கு மேல் அடைப்பும் இந்த மாதிரி அறிகுறியும் இருந்தால், வெறும் மாத்திரையைவிட ஆபரேஷன் மேல் என்று 1991-ல் வந்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆபரேஷனிலேயே பக்கவாதம் வரும் அபாயம் கொஞ்சம் உண்டு என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் முடிவு சொன்னார்: "காதுகுத்தைத் தள்ளிப் போடு."

கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, குழாயைத் திறந்து, உள்ளே படிந்திருந்த கொழுப்பைச் சுரண்டி எடுத்துத் தைத்தார்கள். அண்ணனுக்கு முழு நினைவு. வலது கையில் என்ன கொடுத்திருந்தார்கள் தெரியுமோ? அமுக்கினால் 'கீச்' என்று கத்துமே, அந்த ரப்பர் பொம்மை! குழாயைக் கிளிப் போட்டு நிறுத்தியிருக்கும் நேரத்தில் மூளைக்கு ரத்தம் போதுகிறதா என்று, அடிக்கடி அதை அமுக்கச் சொல்லித்தான் பார்த்தார்களாம். கை தளர்ந்தால் உடனே சின்ன ட்யூப் வைத்து ரத்தத்தைத் திருப்பிவிடுவார்களாம். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதும் உண்டு. சிலருக்கு ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அறிகுறி இல்லாத அடைப்பென்றால் பலருக்கு மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமே போதும் என்கிறார்கள். ஆனால் திடீரென்று ஒரு பக்கம் கை மரத்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, அது சரியாகியே போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சுக்குக் காப்பி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுளுக்கும் உண்டு. பீடியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதில் மதினிக்குத்தான் பரம சந்தோஷம்.