வால்வும் வயிற்றுப் பிழைப்பும்

மோட்டார் வண்டி செல்வர் வீட்டு வாயிலில் மட்டும் நின்ற காலம் மலையேறிவிட்டது. வெளி மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று அது அரிசி மூட்டையைப் போல இன்றியமையாத பொருள். சில குடும்பங்களில் அரிசி மூட்டையே அதனால்தான் வருகிறது. எம் மைத்துனர் குடும்பம் அத்தகையது. நாக்பூரில் அவர் வாடகைக்கு ஓட்டிவரும் டீசல் காருக்குச் சென்ற கோடையில் வால்வும் ஸ்பிரிங்கும் தேர்ந்தெடுத்த வகையை இங்கு எழுதத் துணிகிறோம். நாம் எஞ்சினியர் அல்லோம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வேயில் பண்டகப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. ஆயினும் சங்கத்து அன்பர்களுள் வண்டி வைத்திருப்போர் பலராதலின், இது சிலருக்கேனும் பயன்படக்கூடும்.

வண்டி பழையது. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, டர்போ பொருத்தியது. மைத்துனர் வாங்குவதற்கு முன்பே ஏதோ ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, மலிவான ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்தனர். மே மாத வெயிலில், ஹிங்கன்காட் அருகே, அவற்றுள் ஒன்று ஒடிந்தது. வால்வைத் திரும்ப மேலே இழுத்து மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. இழுக்க ஆளின்றித் திறந்தபடி நின்ற வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதியது. சவாரிக்கு வந்தவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சேர்ந்தார். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். வங்கித் தவணை நிற்காது. பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி திறக்கும் நாளும் நெருங்கியிருந்தது.

மிஸ்திரி எம் முன் இரண்டு பெட்டிகளை வைத்தார். "பாபுஜி, இது கம்பெனி சரக்கு. இது லோக்கல், மூன்றில் ஒரு பங்கு விலை. இதுவும் ஓடத்தான் ஓடும்" என்றார்.

மைத்துனர் எம்மைத் தனியே அழைத்து, "அத்தான், தவணைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இப்போதைக்கு மலிவானதைப் போட்டு ஓட்டலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கையில் பணமில்லாதவன் வேறு எதைக் கேட்பான்? ஒரு மாலைப் பொழுது அவகாசம் வாங்கிக்கொண்டோம்.

டர்போ என்பது ரயில்வேக்காரர்க்குப் புதிய சங்கதியன்று. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்திறங்கி, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின்கள் 2,600 குதிரைத்திறனை அதனாலேயே பெற்றன. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் வலிமையால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. அமுக்கிய காற்றோ உள்ளிழுக்கும் வால்வின் முதுகில் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். வால்வுத் தலையின் குறுக்களவு 25 மில்லிமீட்டர் என்று கொண்டால் பரப்பு ஏறக்குறைய 5 சதுர சென்டிமீட்டர். டர்போ ஒரு பார் அழுத்தம் தந்தால், 5 கிலோ எடை வால்வைத் திறக்கப் பார்க்கிறது என்று பொருள். புகை வால்வுக்கும் இதே கதிதான். டர்போச் சக்கரம் மறித்து நிற்பதால் அங்கே புகை தேங்கி அழுத்துகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இத்தனைக்கும் ஈடு கொடுப்பது அந்தச் சிறு கம்பிச் சுருள்.

அப்படியானால் இன்னும் கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கடைக்காரர் ஒருவர் 'ஹெவி' என்று சொல்லி அதையே விற்க முயன்றார். பந்தயத்துக்காக அழுத்தத்தைக் கூட்டிய வண்டிகளுக்கு அது தேவைப்படலாம். கம்பெனி அமைத்தபடியே ஓடும் வண்டியில், அளவுக்கு மிஞ்சிய ஸ்பிரிங் கேம் தண்டையும் அதனோடு உராயும் உறுப்புகளையும் தின்றுவிடும். வால்வையும் சீட்டில் சம்மட்டி போல அறையும். அந்த எஞ்சினுக்கு வகுத்த அளவே சரியான அளவு.

வால்வுகளுக்கு வருவோம். உள்ளிழுக்கும் வால்வைப் புதுக்காற்று குளிர்விக்கிறது; அதற்குக் குரோமியமும் சிலிக்கானும் கலந்த எஃகு போதும். புகை வால்வோ செந்தணலாகக் காய்வது. அதற்கு 21 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் கலந்த எஃகு பெருவழக்கு. பெட்ரோல் டர்போவில் புகையின் சூடு 900 டிகிரியையும் தாண்டக்கூடுமாதலால், நிக்கலையே முதலாகக் கொண்ட உலோகத்திலும், தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் இட்டும் வால்வு செய்கிறார்கள். சோடியம் 98 டிகிரியிலேயே உருகி, உள்ளே குலுங்கித் தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்துகிறது. அத்தகைய வால்வை எவரும் அறுத்துப் பார்க்க வேண்டா. சோடியம் ஈரம் பட்டால் தீப்பற்றும்.

அன்று மாலை பிள்ளையின் ஜியோமிதிப் பெட்டியிலிருந்து மூலைமட்டத்தையும், அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றோம். வண்டியிலிருந்து கழற்றிய பழைய வால்வுகள் கம்பெனியில் போட்டபடியே இருந்தவை. அவற்றின் புகை வால்வுத் தலையில் காந்தம் ஒட்டவில்லை. தண்டின் நுனியில் ஒட்டியது. இருவகை எஃகை இணைத்துச் செய்ததற்கு அது அடையாளம். மலிவுப் பெட்டியின் புகை வால்விலோ தலையிலும் காந்தம் பற்றிக்கொண்டது. காந்தம் ஒட்டாததெல்லாம் நல்ல வால்வு என்று இதனால் ஆகாது. ஆனால் பழையதும் புதியதும் ஒரே உலோகம் அல்ல என்று தெரிந்துபோயிற்று.

ஸ்பிரிங்குகளைக் கண்ணாடிப் பலகையின் மேல் வரிசையாக நிறுத்தினோம். மலிவுப் பெட்டியில் மூன்று குட்டை. ஒன்று மூலைமட்டத்தோடு சேராமல் சாய்ந்து நின்றது. ஒன்றில் துருப்புள்ளியும் இருந்தது. ஒடிவு தொடங்குவது அத்தகைய புள்ளியில்தான். மிஸ்திரி நல்ல மனிதர். தாமே குனிந்து பார்த்து, அந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

கம்பெனிப் பெட்டியையும் அப்படியே நம்பிவிடவில்லை. போலிச் சரக்கு நல்ல பெட்டியில் வருவது ஊரறிந்த செய்தி. பதிவேட்டு எண்ணும் பொருளில் பொறித்த எண்ணும் ஒத்தாலன்றிப் பண்டகசாலையில் பொருளை வரவு வைப்பதில்லை. அந்தப் பழக்கத்தால் வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, உரிய பாக எண்ணை விசாரித்து, வால்வுத் தண்டில் உள்ள பொறிப்போடு ஒப்பிட்டு, ரசீதுடன் வாங்கினோம். (வால்வு செய்வதில் நம்மவர் பின்தங்கியவரல்லர், சென்னையில் ராணே குழுமம் 1959லேயே இத்தொழிலைத் தொடங்கியது.)

வால்வோடு தண்டுக்குழலும் எண்ணெய் சீலும் மாற்றப்பட்டன. தேய்ந்த குழலில் புது வால்வு ஆடும். ஆடினால் சீட்டில் செம்மையாகப் பொருந்தாது. பொருந்தாத வால்வு சூட்டை இறக்க வழியின்றிக் கருகும். சீட்டைக் கடைந்தபின் வால்வு சற்றே உள்வாங்கும். ஸ்பிரிங்கின் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். அதைச் சொன்னபோது மிஸ்திரி அளந்து பார்த்து, இரண்டின் அடியில் மெல்லிய வளையம் இட்டார்.

பணத்துக்கு மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குச் சென்றன. "அண்ணன் வண்டிக்குத்தானே" என்று அவளே கழற்றித் தந்தாள். ஆயினும் தவணை பதினொரு நாள் தாமதித்தது. வங்கி அபராதமும் பிடித்தது. வண்டி ஜூன் மாத இறுதியில் சாலை ஏறி, மழைக்காலம் முழுதும் ஓடியது. தீபாவளிக்கு முன் வளையல்கள் மீண்டன.

பழைய ஸ்பிரிங்குகள் பதினாறையும் மிஸ்திரியிடம் கேட்டு வாங்கி, இடுக்கியால் நெளித்தபின்னரே பழைய இரும்புக் கடையில் போட்டோம். புதிய சரக்கு வந்த அட்டைப் பெட்டிகளையும் கிழித்தே எறிந்தோம்; வேறொருவர் வண்டிக்குப் போலிச் சரக்கு அவற்றில் போய்ச் சேரலாகாது.